தொட்டாலே உரியும் தோல்: ஆபரேஷனில் மார்ஃபின் தரலாமா?

லேசாக உரசினாலே தோல் கொப்பளித்து உரியும் பரம்பரை நோய் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. கடுமையான வகையில் விரல்கள் ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழாய் சுருங்கும். அதனால் சிறு வயதிலேயே திரும்பத் திரும்ப ஆபரேஷன், மயக்க மருந்து.

மார்ஃபின், ஃபென்டனில் தரலாமா?

தரலாம். ஆனா, இந்த ஓபியாய்டு மருந்துகளின் வழக்கமான பக்கவிளைவுகளே இங்கே பெரிய சிக்கல். அரிப்பு வந்தால் குழந்தை சொறியும்; சொறிந்தால் புதுப் புண். ஈ.பி-யில் சகஜமான மலச்சிக்கல் இன்னும் கூடும். மூச்சு மந்தமானால் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் தோல் உரியலாம். வாய் முழுசாகத் திறக்காதவர்களுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் கஷ்டம்.

அப்போ என்ன செய்றாங்க?

பாராசிட்டமால், கெட்டமின், நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி ஆகியவற்றைச் சேர்த்து ஓபியாய்டு அளவைக் குறைக்கிறார்கள். கூடவே மலமிளக்கி. தினசரி வலிக்கு ஏற்கெனவே மார்ஃபின் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உடல் அதற்குப் பழகியிருக்கும். வழக்கமான டோஸைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் வலிக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம்.

இந்தியாவில் கிடைக்குமா?

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே தயங்கின. 2014 திருத்தம், மாநிலத்துக்கு மாநிலம் மாறிய பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி முறையைக் கொண்டுவந்தது. மார்ஃபின், ஃபென்டனில் இரண்டும் அதில் அடக்கம்.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

எந்த வலி மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக, அரிப்பு வந்ததா என்பதை எழுதி, ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் கொடுங்கள்.