அணாக் கணக்கு

அணாக் கணக்கு என்பது இந்தியாவில் பதின்ம நாணய முறைக்கு முன்பு ரூபாய், அணா, பை ஆகியவற்றை எண்ணுவதற்குச் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கு ஆகும். ஒரு ரூபாய் 16 அணாக்களையும், ஓர் அணா 12 பைகளையும் கொண்டது.

திண்ணைப் பள்ளி மாணவர்கள் எண்சுவடியிலுள்ள கீழ்வாய் இலக்கங்களை (பின்ன எண்களை) ஓதி மனனம் செய்தனர். இவை நாணயத்துடன் நேராகப் பொருந்தின. ரூபாயில் மாகாணி (1/16) ஓரணா, அரைக்கால் (1/8) இரண்டணா, கால் நாலணா, அரை எட்டணா ஆகும். எனவே காசு எண்ணுவதே பின்னம் பயிலும் வழியாகவும் அமைந்தது.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாக்களாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அணா 6.25 பைசாவுக்கு ஈடானதால் மாகாணி, அரைக்கால் ஆகியவை முழுக் காசுகளாக அமையவில்லை. அவற்றை மனனம் செய்யும் தேவையும் குறைந்தது. எனினும் 25, 50 பைசா நாணயங்கள் நாலணா, எட்டணா என்றே வழங்கப்பட்டன. 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாததாயிற்று.