போதை மீட்பும் சிறை மீள்வரவும்: தாம்பரம், தென்சென்னைப் புறநகரில் வாழ்க்கைத்திறன் பயிற்சி

குடிநோய்க்கோ பிற போதைப் பழக்கத்துக்கோ சிகிச்சை பெற்றவர்களும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களும் அன்றாட வாழ்வில் மறுபடி கால் ஊன்றுவதற்காகத் தரப்படும் பயிற்சியும் துணையும் வாழ்க்கைத்திறன் பயிற்சி எனப்படும். கோபத்தைக் கையாள்வது, கூலிப் பணத்தை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, பழைய கூட்டாளியிடம் வேண்டாம் என்று சொல்வது, வேலை கேட்டுப் போய் நிற்பது, வீட்டார் இழந்த நம்பிக்கையை மெல்ல மீட்பது எல்லாம் இதில் வரும். போதை மீட்பையும் சிறை மீள்வரவையும் சேர்த்துப் பேச நியாயம் உண்டு. இரண்டிலும் பாடம் நடப்பது பூட்டிய வாசலுக்கு உள்ளே. தேர்வு நடப்பது வெளியே, பாடம் சொன்னவர்கள் உடன் இல்லாத இடத்தில்.

தாம்பரத்திலிருந்து பார்த்தால் இந்த இடைவெளியைக் கிலோமீட்டரிலேயே அளக்கலாம். பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னைப் புறவழிச் சாலை 32 கி.மீ. ஓடி முடியும் இடம் புழல். மத்திய சிறை அங்கே இருக்கிறது. சிறுவர்களுக்கான அரசு இல்லம் தெற்கே செங்கல்பட்டில். போதை மீட்பில் மூத்த நிறுவனமான டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில். ஆள் திரும்பி வந்து வாழப்போவது பல்லாவரத்திலோ சேலையூரிலோ பெரும்பாக்கத்திலோ.

பகுதி

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலமும், தெற்கிலும் மேற்கிலும் மறைமலை நகர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் இருப்பதால் ஒப்பந்தக் கூலி வேலைக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் வேலை கேட்டுப் போகும்போது, ஆதாரில் உள்ள முகவரியே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சிறைக்குப் போகாதவருக்கே இந்த நிலை என்றால் போய்வந்தவரின் பாடு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடிநோய் சிகிச்சை

குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்த காலத்தில், அதை நோய் என்று சென்னையில் உரக்கச் சொன்னவர் சாந்தி ரங்கநாதன். தொழிலதிபரும் மத்திய நிதியமைச்சருமாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் மணமானவர். கணவர் ரங்கநாதன் குடிநோயால் இள வயதிலேயே இறந்தார். அடுத்து, 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனையை நடத்துவது இதுதான். 1992-ல் பத்மஸ்ரீ, 1999-ல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருது அவருக்குக் கிடைத்தன. பணமும் படிப்பும் உள்ள வீட்டில் நடந்த சாவு என்பதால்தான் ஊர் காது கொடுத்தது என்று தோன்றுகிறது. அதே சாவு ஒவ்வொரு வாரமும் குடிசைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது.

சிகிச்சையின் முதல் கட்டம் மருத்துவம் சார்ந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் தொடங்கலாம். இது உயிருக்கே ஆபத்து. ஆகவே ‘வீட்டில் பூட்டிவைத்தால் சரியாகிவிடும்’ என்ற பழைய வைத்தியம் கொல்லக்கூடியது. கை நடுக்கம் அடங்கிய பிறகுதான் ஆற்றுப்படுத்தல், குழு உரையாடல், குடும்பத்தாருக்கான வகுப்புகள். குடும்பத்தாரைச் சேர்ப்பது சலுகையல்ல, சிகிச்சையின் பாதி. மனைவியோ தாயோ பல ஆண்டுகளாகக் கடனை மறைத்து, மேலதிகாரியிடம் பொய் சொல்லி, குடிப்பவரைத் தாங்கிப் பழகியிருப்பார். அவரும் சில பழக்கங்களை விட வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே தொடர்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை. தேவாலயத்தின் பக்க அறையிலோ பள்ளி வகுப்பிலோ கூடி, குடியை விட்டவர் விட நினைப்பவரிடம் பேசுகிறார். குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ தனியாக உண்டு. வாழ்க்கைத்திறன் என்று பயிற்சி ஏடுகள் விளக்கும் பலவற்றையும் இந்த நாற்காலி வட்டம் அந்தப் பெயர் சொல்லாமலே கற்றுத்தருகிறது.

தேவைக்கும் சிகிச்சைக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். தமிழகத்தில் மது சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023-24-ல் அதன் வழியே அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்த அரசே 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. முரண் வெளிப்படை; என்றாலும் மையங்கள் வந்தது நல்லதே.

அரசு இடம் போதாத நிலையில் புறநகர்த் தெருக்களில் தனியார் மையங்கள் பெருகின. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் வரையறைக்குள் கொண்டுவந்ததால், இம்மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்று, மனநல மருத்துவர் வரும் நாள், வீட்டார் பார்க்க அனுமதி ஆகிய மூன்றையும் கேட்காமல் ஆளைச் சேர்க்கக் கூடாது. மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

கற்பிக்கப்படுபவை

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்து வாழ்க்கைத்திறன்களைப் பட்டியலிட்டது: தன்னை அறிதல், பிறர் நிலையுணர்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று அது போகும். பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. இத்துறையில் முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்த ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் தாம்பரத்துக்கு மேற்கே திருப்பெரும்புதூரில்தான் உள்ளது.

பட்டியலை அப்படியே குடிநோயாளியிடம் வாசித்தால் பயன் குறைவு. அவருடைய சிக்கலுக்கு நாளும் நேரமும் உண்டு. சனிக்கிழமை மாலை, கையில் வாரக்கூலி, கூட வேலை செய்தவர்கள் ‘ஒரே ஒரு கட்டிங்’ என்கிறார்கள். சாவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால் பாட்டில் திறக்கிறது. மச்சான் கல்யாணத்தில் ஊற்றிக்கொடுப்பது மரியாதை. நல்ல ஆற்றுப்படுத்துநர் இந்தக் காட்சிகளை நடித்துக் காட்டச் சொல்லி, சொல்லவேண்டிய பதிலை வாயில் பழக்குகிறார். கடை இல்லாத வழியாக வீடு திரும்புவது, கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்வது, பசியோடும் தூக்கமில்லாமலும் இராமல் பார்த்துக்கொள்வது, மறுபடி குடித்துவிட்டால் அன்றே ஆலோசகரை அழைப்பது என்று பயிற்சி போகிறது. மறுபடி குடித்தவரைத் தோற்றவர் என்று விரட்டாமல், எந்த இடத்தில் சறுக்கியது என்று பார்ப்பது நவீன சிகிச்சை முறை.

சிறையும் வெளிவாசலும்

தமிழகச் சிறைகளில் தொழிற்பயிற்சிக்குக் குறையில்லை. கைதிகள் நெய்கிறார்கள், தைக்கிறார்கள், அடுமனை நடத்துகிறார்கள். செய்த பொருள்கள் சிறைச் சந்தையில் விற்கின்றன. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் வேலை செய்கிறார்கள். 2023-ல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்குத் துறை நூல் திரட்டியது.

இவற்றில் பெரும்பகுதி தண்டனைக் கைதிகளுக்கானவை. இந்தியச் சிறைகளிலோ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தாம்பரம் பக்கத்து இளைஞர் ஒருவர் செல்போன் பறிப்பு வழக்கில் உள்ளே போனால், சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டு ஜாமீனில் வருவார். எந்தப் பயிற்சியும் முழுதாகத் தொடாத ஆள் இவர். குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தால் ஓராண்டு வரை இருப்பார். அதுவும் தடுப்புக் காவல்தான், தண்டனை அல்ல. 18 முதல் 24 வயது வரையுள்ள முதல்முறைக் கைதிகளைக் குறிவைத்துச் சென்னைக் காவல்துறையும் சிறைத்துறையும் கொண்டுவந்த ‘பறவை’ திட்டம் இந்த ஓட்டையைச் சரியாகவே அடையாளம் கண்டது. ஆலோசனை, போதை மீட்பு, சட்ட உதவி, வேலை ஆகியவற்றை ஒரே கையால் தருவது அதன் நோக்கம்.

போதைப் பழக்கம் உள்ள கைதிக்கு விடுதலை நாள் தனி ஆபத்து. உள்ளே இருந்த மாதங்களில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், விடுதலையான முதல் இரு வாரங்களில் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 12 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. முதன்மைக் காரணம் அளவு மீறிய போதை மருந்து. சென்னைப் பகுதியில் வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களுக்கு இந்த எச்சரிக்கை நேராகப் பொருந்தும். சிறை நலப் பணியாளர் சொல்ல வேண்டிய முதல் பாடம் இதுதான்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானே சிகிச்சைக்கு முன்வரும் அடிமையானவருக்குச் சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. 39-ஆம் பிரிவு, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நன்னடத்தை அலுவலர்களும் இருக்கிறார்கள்: 1936-லேயே சென்னை மாகாணம் நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. ஆனால் வழக்கறிஞர் எழுந்து கேட்டால்தான் இந்தப் பிரிவுகளுக்கு உயிர்.

சிறுவர்கள்

1920-ல் இந்தியாவின் முதல் சிறுவர் சட்டத்தை இயற்றியதும் சென்னை மாகாணம்தான். செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி அதற்கும் மூத்தது. அந்தப் பழம்பெருமை எதையும் காப்பாற்றவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு இல்லத்தில் உயிரிழந்தான். அடித்ததாக இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். அரசு 2023-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தி, இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 21 வயது வரை, தேவையெனில் 23 வரை பின்கவனிப்பு உண்டு. அடைக்கலமும் படிப்பும் தொழிலும் அதில் அடங்கும்.

வேலையும் கையெழுத்தும்

பெரிய ஆலைகள் காவல்துறைச் சான்று கேட்கின்றன. உணவு கொண்டுபோகும் செயலி நிறுவனங்களும் கேட்கின்றன. எஞ்சுவது பெயின்ட், சென்ட்ரிங், சுமை தூக்குதல், உறவினர் கடை. அதிலும் ஜாமீன் நிபந்தனை குறுக்கே நிற்கிறது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரை எந்த மேஸ்திரியும் ஷிப்டில் வைத்துக்கொள்வதில்லை. காலை வேலை போய்விட்டால், நண்பகலில் டாஸ்மாக் திறக்கும்போது அவர் கை சும்மா இருக்கும். இதைச் சரிசெய்யத் தனித் திட்டமோ நிதியோ வேண்டாம். நிபந்தனையைத் தளர்த்தவோ நேரத்தை மாலைக்கு மாற்றவோ நீதிமன்றத்தில் மனு போடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவருக்கு வட்ட சட்டப்பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.