மழை நாட்டில் அணைந்த பொறி

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பெற்றோல் கார் ஓட்டிய தலைமுறைக்கு விடிந்ததும் முதல் வேலை பொனட்டைத் தூக்குவதுதான். இரவெல்லாம் மழை பெய்திருக்கும். கறுப்பு பேக்லைட் மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பிக் கழற்றி, உள்ளே வேர்த்திருக்கும் ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினால், மொரிஸ் மைனர் இரண்டு தரம் செருமிவிட்டு எழும்பும். அந்த மூடிக்குக் கீழே இருந்த பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது. இன்ன நாளில் போனது என்று சொல்ல முடியாது. துரை பங்களாவின் பழைய கார் விலைப்பட்ட நாள் ஒரு தோட்டத்தில் அதன் கடைசி நாள். டீசல் பிக்கப் வந்து நின்ற நாள் இன்னொரு தோட்டத்தில். அதற்காக யாரும் இரண்டு வரி எழுதவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டாம். அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சின் அப்படியல்ல. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் முறை வரும் கணத்தில் ஒரு பொறி விழ வேண்டும். முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல். இந்தப் பொறுப்பு முழுவதையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமான் சுமந்தது. பற்றரியின் 12 வோல்ட் மின்சாரம் கொயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் நான்கு முனைக் கேம், அந்த மின்சாரத்தை வெட்டும் பாயிண்டைத் தள்ளித் திறக்கும். திறந்த கணத்தில் கொயிலிலிருந்து பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பும். ரோட்டர் அதை வாங்கி, மூடியின் ஓரத்திலுள்ள நான்கு முனைகளில் முறை வந்ததற்குக் கடத்திவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். மொரிஸ் மைனரில் முறை 1-3-4-2. எழுத்து வாசனை அதிகம் இல்லாத டிரைவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ‘ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய பற்றரி இக்னிஷன் 1910ஆம் ஆண்டின் கெடிலாக் காரில் வந்தது. நம் பக்கம் வந்தது பெரும்பாலும் பர்மிங்ஹாம் லூக்காஸ் கம்பனியின் சாமான். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், லேண்ட் ரோவர் என்று தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கிய ஆங்கிலேய வண்டிகளில் லூக்காஸ் பெயரைத்தான் அதிகம் கண்டோம்.

ஆனால் லூக்காஸ்காரர்கள் இரத்தினபுரி மழையை நினைத்து அதைச் செய்திருக்க மாட்டார்கள். இங்கே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தென்மேற்குப் பருவம் ஓய்வதற்கும் இடைப்பருவத்து இடிமழை தொடங்குவதற்கும் நடுவில் துணி காயவே நேரம் போதாது. ஈரம் மூடிக்குள் புகுந்தால் மின்சாரம் முறை மாறி ஓடும். அப்படி ஓடிய வழி பேக்லைட்டில் மயிரிழை போலக் கரிக்கோடாகப் படியும். கோடு விழுந்துவிட்டால் வெயில் நாளிலும் பொறி அந்த வழியேதான் போகும். அதனால் மழைக்காலத்தில் பலர் மூடியையும் ரோட்டரையும் இராத்திரியில் வீட்டுக்குள் அடுப்படியில் தூங்க வைத்தார்கள். இதில் இன்னொரு வசதியும் இருந்தது: ரோட்டர் டிரைவரின் வீட்டில் இருக்கும்வரை காரை எவராலும் கிளப்பிக்கொண்டு போக முடியாது. பகலில் மூடிக்கு மேல் பழைய டியூப் துண்டைக் கட்டி வைத்தார்கள். களு கங்கை பெருகி ரோட்டுக்கு ஏறிவிட்டால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெல்ல ஓட்டினார்கள். இல்லாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி நேரே டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும்.

இது கார் வைத்திருந்தவர்களின் செல்லக் கவலை மட்டும் அல்ல. களனிவெளிக் குறுகிய ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது; 1976இல் அவிசாவளைக்கு அப்பால் அது நின்றுபோனது. ரயிலை நம்ப முடியாத இடத்தில் வண்டிதான் கதி. தெரணியகலை மேல் மலையிலோ இறக்குவானைப் பக்கத்து லயத்திலோ நடுச்சாமத்தில் பிள்ளை வலி கண்டால் தோட்டத்து லொறி வேண்டும், அல்லது டவுனிலிருந்து ஹயர் கார் வர வேண்டும். கொட்டுகிற மழையில் அந்தக் கார் ஸ்டார்ட் எடுக்குமா என்பதில் ஓர் உயிர் தொங்கியது, சிலபோது இரண்டு. பேக்லைட் மூடியைத் துடைத்த கைகளைப் பற்றி நான் மரியாதையோடு எழுதுவதற்கு இதுவே முதல் காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துக் கோக்கும் வேலையைச் சிறுவயதில் பலமுறை பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். செய்தவர் தோட்டத்து டிரைவர், எங்களுக்கெல்லாம் மாமா. புதுப் பாயிண்ட் போட்டும் மிஸ் அடிக்கிறது என்று ஒரு மொரிஸ் மைனர் வந்து நின்றது. மாமா மூடியைக் கழற்றி, நடுத்தண்டைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்; விரலுக்குத் தெரிந்தது.

“பாயிண்ட்ல பிழை இல்ல தம்பி, புஷ் போயிருச்சு.”

தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் கேமின் ஒரு முனைக்குப் பாயிண்ட் அகலத் திறக்கும், அடுத்த முனைக்குக் கொஞ்சமாகத் திறக்கும். நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான நேரத்தில் பொறி விழும். பாயிண்டை எத்தனை தரம் மாற்றினாலும் இது தீராது.

முதலில் எஞ்சினைக் கையால் சுற்றி ஒன்றாம் சிலிண்டரை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்த இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல். கூடும் எஞ்சினும் சேருமிடத்தில் இன்னொரு கீறல். “இந்தக் கோட்ட விட்டோம்னா ராவெல்லாம் இங்கதான் கெடக்கணும்,” என்றார். பிறகுதான் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி உருவினார். பழைய வீரகேசரித் தாளை விரித்து, கழற்றிய ஒழுங்கில் சாமான்களை இடமிருந்து வலமாக அடுக்கினார். ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர், பிளேட். அதற்குக் கீழே இரண்டு சின்ன எடைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடும்போது இந்த எடைகள் வெளியே விரிந்து பொறியை முந்த வைக்கும். அந்த ஸ்பிரிங்குகளைத் தொடவே எங்களுக்கு அனுமதி இல்லை. இழுத்துவிட்டால் காரின் குணமே மாறிவிடும் என்பார். அடியிலுள்ள பின்னைத் தட்டி எடுத்துத் தண்டை உருவி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். டவுன் லேத்தில் கடைந்து வாங்கிய புஷ் ஓர் இரவு முழுக்க எண்ணெயில் ஊறியது.

மறுநாள் கோத்தார். ரோட்டருக்குக் கீழே உள்ள ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய். கேம் மேல் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் ஒட்டியிருக்கும் அளவுக்குத்தான். கூடினால் தெறித்துப் பாயிண்டில் விழுந்து கருகும். பாயிண்டின் இரண்டு முகத்தையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்து, எதிரே வெளிச்சம் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இரத்தினபுரி மாணிக்க வியாபாரி கல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அதே பார்வை. இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார்ப்பார்கள். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், அதற்கு இரும்பு அறுக்கும் வாள் பிளேடே அளவுகோல். இரண்டும் கிட்டத்தட்டச் சரியான அளவுதான். யார் முதலில் கண்டுபிடித்தாரோ, அவருக்குக் கும்பிடு.

திரும்ப இறக்குவதுதான் நேர்த்தியான வேலை. தண்டின் அடியிலுள்ள நாக்கு சரிநடுவில் இராது, ஒரு பக்கம் கொஞ்சம் விலகியிருக்கும்; அதனால் ஒரே வழியில்தான் உட்காரும். மாமா கூட்டை எஞ்சின் துவாரத்தில் வைத்து, ரோட்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் கொடுக்கென்று இறங்கியது. பாயிண்ட் முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டினார். சாவியைப் போட்டு, கூட்டை நூலளவு நூலளவாகத் திருப்ப, பாயிண்ட் திறக்கும் இடத்தில் பல்ப் பற்றிக்கொண்டது. அங்கேயே போல்ட்டை இறுக்கினார்.

வேலை அதோடு முடியவில்லை. தோட்டத்துத் தொழிற்சாலையான இஸ்டோருக்கு ஏறும் ரோட்டில் காரை டாப் கியரில் விட்டு மிதித்தார். பொறி முந்தி விழுந்தால் ஏற்றத்தில் எஞ்சினுக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நொக் பண்ணுகிறது என்பார்கள். பிந்தினால் சத்தம் இராது, இழுவையும் இராது. மாமா பாதி ஏற்றத்தில் நிறுத்தி, இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துச் சின்னத் திருகை இரண்டு கிளிக் பின்னுக்குத் திருப்பி, மறுபடி ஓட்டினார். நொக் கேட்டும் கேட்காததுமாக இருக்கும் இடத்தில் விட்டார். இந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் ஒவ்வொரு தோட்டத்து டிரைவருக்கும் இப்படிக் காது வைத்துக் கேட்க ஓர் ஏற்றம் இருந்தது.

கொழுந்துக் கூடையையும் பால்வெட்டுக் கத்தியையும் தாண்டி லயத்துப் பிள்ளைக்கு வேறு வழி அரிதாக இருந்த காலத்தில், இந்த அறிவு ஓர் ஆளை நிமிர்ந்து நிற்க வைத்தது. பெரிய துரையும் பொனட்டுக்குப் பக்கத்தில் வந்து, “டிரைவர், என்ன பிழை?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது புதுச் சாமான் வாங்குவது குதிரைக்கொம்பு. ஒரே செட் பாயிண்டை அராவி அராவி ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். அந்த ஏழு ஆண்டுதான் இந்தக் கைவினை உச்சத்தில் இருந்த காலம் என்பது என் எண்ணம்.

அந்தக் கைகளும் இங்கேயே நிலைக்கவில்லை. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, கப்பலும் ரயிலுமாகக் குடும்பங்கள் போயின. நீலகிரியில் இறங்கிய டிரைவருக்கு அங்கே ஓடிய அம்பாசடர் அந்நியமாக இருந்திருக்காது. மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்த கார் அது, எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனின் 1,489 சீசீ. சென்னை பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் அதே குடும்பத்து டிஸ்ட்ரிபியூட்டரைச் செய்துகொண்டிருந்தது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் தமிழர் அடிபட்டார்கள். லயங்களும் கடைகளும் எரிந்தன. பலர் வன்னிக்குப் போனார்கள். கத்தியும் துணியும் விட்டுப் போனவர்கள்கூடக் கையறிவை விட்டுப் போக முடியாது.

வடக்கில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் தன் பெருமையை முழுக்கக் காட்டியது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அங்கே பெற்றோல் கிடைப்பதே அரிது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் நொக் பண்ணும். பொறியைப் பிந்த வைத்தாக வேண்டும். கிளாம்பைத் தளர்த்திக் கூட்டைக் கையால் கொஞ்சம் திருப்பினால் போதும், வேறு எரிபொருளுக்குக் கார் தயார். அனுமதி கேட்க ஒரு கம்ப்யூட்டர் இல்லை. முற்றுகைக்குள் நோயாளியையும் பிரசவப் பெண்ணையும் சுமந்த கார்களை ஓடவைத்ததில் இந்தச் சாமானுக்கு உள்ள பங்கை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

அதைக் கொன்றது எது என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதன் சொந்தக் குறைதான். பாயிண்ட் தேயும், டைமிங் நழுவும், பெற்றோல் வீணாகும், புகை கூடும். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகியபோது, 1970களின் நடுவிலேயே பெரிய கம்பனிகள் பாயிண்டைக் கைவிட்டுவிட்டன. இங்கே 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. ஆரம்பத்தில் வந்த சன்னியிலும் கொரொல்லாவிலும் பாயிண்ட் இருந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் போய் எலெக்ட்ரோனிக் பிக்கப் வந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரே போய் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் வந்தது. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபின் பங்களா வாசலில் நின்றது டீசல் வண்டி. இரத்தினபுரி மழை இப்போது எந்தக் காரையும் காலையில் தடுப்பதில்லை. நடுச்சாமத்தில் வலி கண்டவளுக்கு இது நல்ல காலம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எனக்குள்ள வருத்தம் வேறு. புது ஏற்பாடு கெட்டால் கொயிலைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று மாட்டுகிறார்கள். விரல்களுக்கு அங்கே வேலை இல்லை. விரலால் ஆட்டத்தை அறிந்தவர்களின் அறிவோ எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோட்டக் கணக்கில் அவர்கள் ‘டிரைவர்’. செக்ரோல் பதிவேட்டில் பெயரும் சம்பளமும் உண்டு, செய்த வேலை இல்லை. கம்பனிக் கைநூல் இங்கிலாந்துக் குளிருக்கு எழுதப்பட்டது. அடுப்படியில் மூடியை உலர்த்துவது, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வெள்ளத்தைக் கடப்பது, ஏற்றத்தில் காதால் டைமிங் பிடிப்பது எல்லாம் வாயோடு வாயாக வந்தவை. கேட்டு எழுத ஆள் வரும் முன்னே பலர் போய்விட்டார்கள்.

பழைய கார்ப் பிரியர்கள் சிலரிடம் மொரிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. அவற்றிலும் பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் வெளியே லூக்காஸ் கூடு அப்படியே இருக்க, உள்ளே பாயிண்டும் கண்டென்சரும் எடுத்துவிட்டு மேக்னெட் கிட் போட்டிருக்கிறார்கள். இடைவெளி வைக்க வேண்டியதில்லை, அராவ வேண்டியதில்லை. புஷ் தேய்ந்தால் மட்டும் பழையபடி உருவிப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கூட்டைத் திருப்பி டைமிங் வைப்பதும் கையால்தான். அதற்கு ஆள் தேடி ஊர் ஊராக விசாரிக்கிறார்கள்.