மறையாக்கம்: வரலாறும் பயன்பாடும்

மறையாக்கம் என்பது ஒரு செய்தியை, உரியவரைத் தவிர வேறு யார் கையில் சிக்கினாலும் பொருள் விளங்காதபடி உருமாற்றும் முறை. என்கிரிப்ஷன் என்று பரவலாக அறியப்படுவது இதுதான். உருமாற்றவும் மீட்டெடுக்கவும் வேண்டிய ரகசிய எண் அல்லது சொல்லுக்குத் திறவி என்று பெயர். அரசர்களும் ஒற்றர்களும் படைத்தலைவர்களும் மட்டுமே கையாண்ட இந்தக் கலை, இன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் காடா துணி நெய்பவரின் கைபேசியிலும் நாள் முழுதும் இயங்குகிறது.

தொடக்க காலம்

மறைத்துப் பேசுவது கொங்கு நாட்டுக்குப் பழகிய ஒன்று. கன்னபுரம் போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் கைகோத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். இங்கே மறைக்கப்படுவது பேச்சே. நன்னூல் சொல்லும் குழூஉக்குறி இன்னொரு வகை. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்றது அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. சொல் எல்லோர் காதிலும் விழும். பொருள் அந்தக் கூட்டத்தாருக்கு மட்டுமே புரியும். மறையாக்கத்தின் வேர் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது.

அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களின் சங்கேத எழுத்தைப் பற்றிப் பேசுகிறது. காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளில் மறைமொழியும் ஒன்று. ரோமில் ஜூலியஸ் சீசர் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதினார். தமிழ் மெய்வரிசையில் ஓரிடம் மட்டும் தள்ளினால் 'பருத்தி' என்பது 'மலுந்நி' ஆகிவிடும். ஆனால் மெய்கள் 18தான். எதிரி 17 முறை முயன்றால் குட்டு உடைந்துவிடும்.

எழுத்துகளை வரிசைப்படி தள்ளாமல் தாறுமாறாக மாற்றினாலும் தப்ப முடியாது என்று காட்டியவர் 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாகவே வரும். மறைசெய்தியில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே மூலம் பிடிபடத் தொடங்கும் என்று அவர் எழுதிவைத்தார்.

தந்தியும் போரும்

தந்தி வந்தபின் மறையாக்கம் வணிகர்களின் தேவையும் ஆயிற்று. தந்தி அலுவலகத்தில் பலர் படிக்கும் செய்தியில் பருத்தி விலையைத் திறந்து எழுத யார் துணிவார்? சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணமும் இருந்தது. அதனால் ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல் என்று வகுத்த சங்கேத நூல்கள் அச்சாயின. 1873-இல் வந்த ஏபிசி கோடும் 1906-இல் வந்த பென்ட்லி கோடும் உலக வணிக நிறுவனங்களில் புழங்கின. ஆனால் அச்சிட்ட நூலை யாரும் வாங்கலாம் என்பதால் அவை செலவைக் குறைத்த அளவுக்கு ரகசியத்தைக் காக்கவில்லை.

ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் 1883-இல் வகுத்த விதி இன்றுவரை இத்துறையின் அடித்தளம்: மறையாக்க முறை எதிரிக்குத் தெரிந்திருந்தாலும், திறவி மட்டும் தெரியாதவரை செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் எனிக்மா இயந்திரச் செய்திகளை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே போலந்துக் கணித அறிஞர்களும், போரின்போது இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் குழுவினரும் உடைத்தார்கள். அந்தப் போரின் இன்னொரு முனை தெற்காசியாவில் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் உளவு மையம் 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு நகர்ந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் இலங்கையைத் தாக்கியபின் கென்யாவுக்குச் சென்று, 1943-இல் கொழும்புக்கே திரும்பி, ஜப்பானியக் கடற்படையின் சங்கேதங்களை உடைக்கும் பணியைத் தொடர்ந்தது.

இரு திறவிகள்

அதுவரை எல்லா முறைகளுக்கும் ஒரே இடையூறு இருந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒரு திறவியை ரகசியமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் அந்தத் தளையை அறுத்தார்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவிகள். பொதுத் திறவியை ஊருக்கே அறிவிக்கலாம். அதைக் கொண்டு யாரும் செய்தியை மறைத்து அனுப்பலாம். திறக்க உதவுவது உரியவரிடம் மட்டும் உள்ள தனித் திறவி.

இதன் பலம் எளிய கணக்கில் இருக்கிறது. 89-ஐயும் 97-ஐயும் பெருக்கி 8633 என்று சொல்ல நொடிகள் போதும். 8633-ஐ மட்டும் கொடுத்து அதன் இரு பகா எண்களைக் கேட்டால் நேரம் பிடிக்கும். எண்கள் பல நூறு இலக்கம் கொண்டவையானால் இன்றைய கணினிகளும் கைவிரித்துவிடும்.

பெரிய கோப்புகளை மறைக்க 2001-இல் அமெரிக்கா தரப்படுத்திய ஏஇஎஸ் முறை உலகெங்கும் பயன்படுகிறது. அதன் 128 பிட் திறவியில் சாத்தியமான வகைகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். இத்துறையின் ஆய்வில் சென்னைக்கும் இடம் உண்டு. இந்தோகிரிப்ட் மாநாடு 2001-இலும் ஆசியாகிரிப்ட் மாநாடு 2005-இலும் அங்கே நடந்தன. 2002-இல் தொடங்கிய செட்ஸ் ஆய்வு நிறுவனம் சென்னை தரமணியில் இயங்குகிறது.

ஜவுளி வட்டாரத்தில்

சாமளாபுரம், சோமனூர், பல்லடம் பகுதியில் ஜவுளி உற்பத்தியாளர்கள் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, விசைத்தறிக்காரர்களிடம் கூலிக்கு நெய்து வாங்குகிறார்கள். திருப்பூர் பனியன் தொழிலில் நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு கூடங்களில் நடக்கிறது. ஓர் ஆர்டரின் விலையும் டிசைனும் பல கைகள் மாறுகின்றன. அவை வாட்ஸ்அப்பில் போனால், 2016 ஏப்ரல் முதல் முனைக்கு முனை மறையாக்கம் காக்கிறது. இடையில் உள்ள நிறுவனத்தாலும் செய்தியைப் படிக்க முடியாது. யுபிஐ செலுத்துகையில் இடும் ரகசிய எண் கைபேசியிலேயே மறைக்கப்பட்டுத்தான் வெளியே போகிறது.

2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது மின்-விலைப்பட்டியல் எடுத்தாக வேண்டும். அதில் உள்ள 64 எழுத்து எண் மறையாக்கம் அல்ல. பட்டியலின் விவரங்களிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்றது. அதனுடன் வரும் கியூஆர் குறியில் அரசுத் தளத்தின் தனித் திறவியால் இட்ட கையொப்பம் இருக்கும். பொதுத் திறவியைக் கொண்டு யாரும் அதன் உண்மையைச் சரிபார்க்கலாம்.

மறையாக்கத்துக்கு எல்லையும் உண்டு. மின்னஞ்சலின் கடவுச்சொல்லே திருடப்பட்டால் அது உதவாது. மோசடிக்காரர் ஏற்றுமதியாளரின் பெயரில் நுழைந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாங்குபவருக்கு எழுதுவது உலகறிந்த தந்திரம். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், பழகிய எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்வதே தக்க காப்பு.

சட்டமும் வழக்குகளும்

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 69-ஆம் பிரிவின்படி, மறைத்த தகவலைத் திறந்து தரும்படி ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பயனர்கள் மூலச் செய்தியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2015 செப்டம்பர் வரைவுக் கொள்கை, கடும் எதிர்ப்பால் உடனே திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது.

2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்ற விவரத்தைச் செய்தியோடு இணைக்க முடியும் என்றார் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வீ. காமகோடி. அது பலன் தராது என்று ஐஐடி பம்பாயின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. முதல் அனுப்புநரை அடையாளம் காட்டச் சொல்லும் 2021 விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. குற்றவாளியைப் பிடிக்கும் தேவை உண்மையானது. ஆனால் காவல்துறைக்கென்று திறக்கும் வழியில் திருடனும் நுழைவான். அதைத் தடுக்கும் கணிதம் இதுவரை இல்லை.

அடுத்த கட்டம்

போதிய திறன் பெற்ற குவாண்டம் கணினி வந்தால் ஆர்எஸ்ஏ உடைந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டினார். அதைத் தாங்கும் புதிய தரங்களை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சி-டாட் நிறுவனத்துடன் இணைந்து ஐஐடி மெட்ராஸில் அமைந்துள்ளது.