காற்றைக் கண்காணிக்க வலயம் வகுத்தல்

காற்றுக்கு வேலி இல்லை. எனினும் அதன் தரத்தை அளப்பதற்கு நிலத்தை வலயங்களாக வகுத்தல் அவசியமாகிறது. மாசின் மூலமும் காற்றின் திசையும் குடியிருப்பின் தன்மையும் ஏறத்தாழ ஒத்திருக்கும் பரப்பே ஒரு வலயம். அவ்வாறு ஒத்திராவிடின், ஓரிடத்தில் பெற்ற அளவீடு மற்றோரிடத்திற்குப் பொருந்தாது.

இந்தியா 1994ஆம் ஆண்டில் கைத்தொழிற் பகுதி, குடியிருப்புப் பகுதி, உணர்திறன்மிக்க பகுதி என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மாசு வரம்பை விதித்தது. ஆலைக்கு அருகில் வாழ்வோர் கூடுதல் மாசைச் சுவாசிக்கலாம் என்பதே அதன் விளைவாயிற்று. 2009இல் கைத்தொழிற் பகுதிக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் இடையிலான அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. ஆகவே வலயம் என்பது அளவிடுவதற்கே அன்றி, உரிமையைக் குறைப்பதற்கன்று.

இலங்கையில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1994இல் விதிக்கப்பட்ட காற்றுத் தரங்கள் 2008இல் திருத்தப்பட்டன. அவற்றின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்கள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமை விஞ்சலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடா மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் தஞ்சமடைந்த ஊர் இது. அண்டையிலுள்ள நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்றாக விரிந்த நிலக்கரி அனல் மின் நிலையம் அமைந்துள்ளது. உயர்ந்த புகைபோக்கியின் புகை தொலைவிற் சென்று படியும். நிலக்கரி முற்றத்தின் தூசும் சாம்பல் மேட்டின் தூசும் அருகிலேயே படியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்றும் மேலோங்குவதால் பாதிப்புறும் திசையும் மாறும்.

எனவே பிரதேச செயலக எல்லையையே வலய எல்லையாகக் கொள்வது போதாது. குடாநாடு முழுவதையும் ஒரே சராசரியில் அடக்கினால், ஓர் ஊரின் மோசமான நாட்கள் அதனுள் மறைந்துவிடும். நிலையத்தை ஒட்டிய பகுதி, அதன் வடக்கிலுள்ள ஆலங்குடா முதலிய ஊர்கள், தெற்கிலுள்ள ஊர்கள், களப்பிற்கு அப்பால் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்துள்ள பாலாவி, புத்தளம் பகுதி என நான்காக வகுத்து, ஒவ்வொன்றிலும் இரு பருவக்காற்றுக் காலங்களிலும் அளவிடுதல் வேண்டும்.

பாடசாலையும் வைத்தியசாலையும் அமைந்த இடங்களுக்கு முன்னுரிமை அளித்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் அத்தகைய இடங்களை ஏற்கெனவே அமைதி வலயங்களாக மதித்துள்ளன. செவிக்குக் கிடைத்த அந்தக் கவனம் சுவாசத்திற்கும் கிடைத்தல் வேண்டும். அளவீடுகள் கோப்புகளில் உறங்காது, பிரதேச சபையிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தமிழிலும் சிங்களத்திலும் காட்சிப்படுத்தப்படுமாயின், தாம் எதைச் சுவாசிக்கிறோம் என்பதை மக்கள் அறிவர்.