சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் பத்து நிமிடத்தில் தயார். ஊரில் இருக்கும் அம்மாவின் போனுக்கு?

2023 அக்டோபரில் ஒரு நாள், லிங்கராஜபுரத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். கையில், பாக்கெட்டில், கல்லா மேல் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அதுவரை கேட்டே இராத சத்தம். கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள், தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முழித்தோம். திரையைப் பார்த்தால், தொலைத்தொடர்புத் துறையின் சோதனைச் செய்தி. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்றிருந்தது. பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பெங்களூருக்கு எதுக்குங்க சுனாமி வார்னிங்?"

நியாயமான கேள்வி. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஆனால் இங்கே வேலை பார்க்கும் பலருக்கு அப்பா அம்மா இருப்பது கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ. சிலருக்குச் சொந்தபந்தம் இலங்கையில். அங்கே ஓர் ஆபத்து வந்தால், அந்தச் செய்தி எத்தனை நாடுகளைத் தாண்டி, யார் கைக்கு, எந்த மொழியில் போய்ச் சேர்கிறது?

2004-ல் எது இல்லாமல் போனது?

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.28-க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் ஒரு கடற்கரைக் கிராமத்தைக் காலி செய்யப் போதும்.

ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம், நிலம் நடுங்கிய 15 நிமிடத்திலேயே தன் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. அதில் கணித்திருந்த அளவு 8.0. உண்மையான அளவு 9.1 என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்ற ஏற்பாடே அப்போது இல்லை. பசிபிக் நாடுகள் 1965-லேயே தங்களுக்குள் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தன. நம் பக்கம் சுனாமி அபூர்வம் என்பதால் யாரும் அவசரப்படவில்லை.

இந்தியாவுக்குள்ளும் தகவல் இல்லாமல் இல்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் தண்ணீர் புகுந்த செய்தி காலை ஏழரை மணிவாக்கிலேயே சென்னைக்குத் தெரிந்திருந்தது என்று பின்னர் வெளியானது. நிலநடுக்கம் பற்றிய அரசு ஃபேக்ஸ் ஒன்று, பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போன கதையும் அப்போது செய்தித்தாள்களில் வந்தது. மொத்தம் 14 நாடுகளில் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர்.

இப்போது யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

2005-ல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து ஒரு பொது ஏற்பாட்டை உருவாக்கின. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் இந்த வட்டாரத்துக்கே எச்சரிக்கை தரும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. இன்காய்ஸ் தரும் கணிப்பு இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போகிறது; ஆப்பிரிக்கக் கரை வரை போகிறது.

வேலை நடக்கும் விதம் இதுதான். பல நாடுகளில் உள்ள நிலநடுக்கமானிகளின் தரவு நேரடியாக வந்து சேரும். சுமத்ரா–அந்தமான் பகுதியிலும், பாகிஸ்தான்–ஈரான் கரையை ஒட்டிய மக்ரான் பகுதியிலும் எந்த அளவில் நடுங்கினால் அலை எங்கே, எவ்வளவு உயரத்தில் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவைத்த பட்டியல் கணினியில் தயாராக இருக்கும். அதிலிருந்து பொருத்தமானதை எடுத்து, சுமார் பத்து நிமிடத்தில் முதல் அறிக்கை போய்விடும். பிறகு ஆழ்கடலில் உள்ள அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் உண்மையில் அலை கிளம்பியதா என்று சொல்லும்.

அறிக்கையில் மூன்று சொற்களைக் கவனியுங்கள். 'வார்னிங்' என்றால் கரையை விட்டு உள்ளே போய்விட வேண்டும். 'அலர்ட்' என்றால் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது. 'வாட்ச்' என்றால் உடனே எதுவும் செய்ய வேண்டாம், கவனித்தால் போதும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும்போது மூன்றும் 'சுனாமி வருது' என்று ஆகிவிடுவதுதான் நம்ம ஊர் வழக்கம்.

2012 ஏப்ரல் 11-ல் இதற்கு உண்மையான சோதனை வந்தது. சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை நிமிடங்களில் போனது, கடற்கரைகள் காலியாயின. பெரிய அலை வரவில்லை. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசியதே காரணம். அதை வெறும் பொய் எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புயலுக்குத் தனி ஏற்பாடு உண்டு, அது இன்னும் பழையது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய–பசிபிக் ஆணையமும் சேர்ந்து 1972-ல் ஒரு குழுவை அமைத்தன. இன்று அதில் 13 நாடுகள். புது டெல்லியில் உள்ள இந்திய வானிலை மையம்தான் வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு மண்டல மையம். நாட்டுக்கு 13 பெயர் வீதம் 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020-ல் வந்தது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் பெயர் கிடைக்கும். பெயர் இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம்: 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் பெயர் எதுவும் கிடையாது.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

நாட்டுக்கு நாடு செய்தி போவதில் இன்று பெரிய தாமதம் இல்லை. அரசியல் கெட்டுப்போனால்கூட ஏதோ ஒரு வழி கிடைக்கிறது. சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்த பிறகும், 2025 ஆகஸ்டில் தாவி ஆற்று வெள்ளம் பற்றி இந்தியா தன் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்குச் சொன்னது. இடிக்கும் இடம் கடைசித் துண்டு, அதாவது அலுவலகத்திலிருந்து ஆளுக்கு.

2017 ஒக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30 அன்று அது புயலாக மாறியபோது, கன்னியாகுமரி மீனவர்கள் பலர் சில நாட்களாகவே ஆழ்கடலில் இருந்தார்கள். செல்போன் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சில கிலோமீட்டர்தான். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் ஜெமினி கருவியை 2019-ல் அறிமுகப்படுத்தினார்கள்; படகு டிரான்ஸ்பாண்டர்களும் வந்தன. கரையில் இருப்பவர்களுக்காக டிஎன்-ஸ்மார்ட் செயலி இருக்கிறது. தாய்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரைம்ஸ் என்ற பல நாட்டு அமைப்பின் உதவியோடு தமிழக அரசு உருவாக்கியது அது.

தூரம் ஒரு சிக்கல் என்றால், மொழி இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. பெயர் ஏமன் தந்தது. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அதிக உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே லயன் அறைகளில் வாழும் மலையகத் தமிழர்கள் படிக்கக்கூடிய மொழி தமிழ். ஆனால் அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவும் குறைவாகவும் வந்தன என்ற புகார் பரவலாக எழுந்தது. அந்த நாட்டின் அரசியலமைப்பில் தமிழும் ஆட்சிமொழி. செயற்கைக்கோள் படம் நாடு விட்டு நாடு போன வேகத்தில், ஒரு பத்தி மொழிபெயர்ப்பு மலை ஏறவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடைசித் துண்டைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கிராமங்களுக்கு 2020-ல் யுனெஸ்கோ 'சுனாமி ரெடி' அங்கீகாரம் கொடுத்தது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் அதுதான் முதல் முறை. 2024-ல் மேலும் 24 ஒடிசா கிராமங்கள் சேர்ந்தன. எந்தத் தெரு வழியாக ஓடுவது, வயதானவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது என்பதுவரை முன்பே பேசிவைத்து, ஒத்திகையும் பார்த்த ஊர்கள் அவை.

லிங்கராஜபுரத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய?

அன்று அலறிய முறைக்குப் பெயர் செல் பிராட்காஸ்ட். அது உங்கள் எண்ணைத் தேடி வராது. குறிப்பிட்ட செல்போன் கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் போகும். அதாவது வேளாங்கண்ணிக்கான எச்சரிக்கை வேளாங்கண்ணியில் இருக்கும் போனில்தான் ஒலிக்கும். உங்கள் சிம் நாகப்பட்டினத்தில் வாங்கியதாகவே இருந்தாலும், இங்கே ஹென்னூர் ரோட்டில் அது சத்தமே போடாது.

அதனால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியில் உங்கள் ஊர் இருக்கும் மாவட்டத்தைச் சேர்த்துவையுங்கள். அங்கே எச்சரிக்கை வந்தால் இங்கே தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் போனை வாங்கி, அமைப்புகளில் அவசர எச்சரிக்கை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2023 சோதனையின்போது அந்தச் சத்தத்துக்குப் பயந்து அதை அணைத்துவைத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் அம்மா.