மண்ணீரல் சொன்ன சாட்சி

கால்நடைகளைத் திடீரெனச் சாய்க்கும் அடைப்பான் நோய்க்கு மொழிகள் இட்ட பெயர்களை ஒப்பிட்டால், எவர் அந்நோயை எங்கே கண்டனர் என்பது புலனாகும். அரபியில் அது 'ஜம்ரா', அதாவது நெருப்புக் கங்கு. மனிதத் தோலில் கரிந்தெழும் புண்ணைக் கண்டு இட்ட பெயர். ஜெர்மானியரின் 'மில்ட்ஸ்பிராண்ட்' என்பதற்கோ மண்ணீரல் எரிவு என்று பொருள். செத்த மாட்டின் வயிற்றைக் கிழித்தவர் கண்ட காட்சி அது: பன்மடங்கு வீங்கி, கறுத்து, அறுத்த மாத்திரத்தில் தார்க்குழம்பாய் வழியும் மண்ணீரல்.

1037இல் மறைந்த இப்னு ஸீனா இந்நோயை முழுமையாக அறிந்திருந்தார் என எழுதுவோர் நம்மிடையே உண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்ல மாட்டோம். 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் ஜம்ராவையும் 'பாரசீக நெருப்பை'யும் அவர் தோலில் எழும் கொப்புளங்களோடு வைத்துப் பேசுகிறார். மண்ணீரலின் நோய்களோ மூன்றாம் பாகத்தில், கரும்பித்தக் கோட்பாட்டின் வழியே விளக்கம் பெறுகின்றன. அப்பேரறிஞரின் பெருமைக்கு இல்லாத கண்டுபிடிப்பு ஒன்றை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

மண்ணீரல் குருதியை வடிகட்டும் உறுப்பு. கிருமி குருதியெங்கும் பரவினால் அதன் சுமை அங்கே வந்து சேரும். 1876இல் ராபர்ட் கோஹ் என்னும் ஊர்ப்புற மருத்துவர் தம் ஆய்வை அவ்வுறுப்பிலிருந்தே தொடங்கினார். நோயுற்று இறந்த விலங்கின் மண்ணீரல் குருதியை மரச்சிம்பில் தோய்த்து எலிக்குச் செலுத்தினார். அந்த எலி இறந்ததும் அதன் மண்ணீரலிலிருந்து அடுத்த எலிக்கு. இவ்வாறு இருபது எலிகள் வரை தொடர்ந்தும் நோயின் கடுமை குன்றவில்லை. நலமான விலங்கின் குருதி பெற்றவை பிழைத்தன. மாட்டின் கண்ணீர்மத்தில் இட்ட மண்ணீரல் துணுக்கிலிருந்து கோலுருக் கிருமிகள் இழைகளாய் நீண்டு, வித்துக்களாய் உறைவதையும் அவர் கண்டார்.

மனிதப் பிரேதப் பரிசோதனையிலும், குருதியில் நஞ்சேறி இறந்தவரின் மண்ணீரல் பருத்துக் குழைந்திருப்பதை மருத்துவர் குறித்துக்கொள்வர். ஆயினும் இறந்தபின் உடல் அழுகுவதாலும் அது குழையும். ஆகவே கிருமியை வளர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்வர்.

விந்தை யாதெனில், பெயரையே தந்த அந்த மண்ணீரலை இன்று கால்நடை மருத்துவர் தேடிப் பார்ப்பதில்லை. கிழித்த உடலில் காற்றுப் பட்டால் கிருமிகள் வித்துக்களாகி, மண்ணில் பல்லாண்டு தங்கிவிடும். அடைப்பான் என ஐயம் எழுந்தால் உடலைத் திறவாமல், காது நரம்பிலிருந்து ஒரு துளிக் குருதி எடுத்துச் சோதித்து, உடலை எரித்துவிடவோ ஆழப் புதைத்துவிடவோ செய்கின்றனர்.